இன்னொரு காப்பி

“இன்னொரு காப்பி இருக்குமா அண்ணி?”

கையிலிருந்த டம்ளரில் அவன் இன்னும் வாய்கூட வைக்கவில்லை. அலுவலகத்தில் அவன் அண்ணன் என்று கூப்பிட்ட சீனியர் இறந்து ஐந்து மாதமாகிறது. சடலத்தை எடுத்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்காதவன், வந்து உட்கார்ந்த இரண்டாம் நிமிடமே இப்படிக் கேட்டதும் அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“முதல்ல இதைக் குடிங்க தம்பி. ஆறிப்போனா அதுக்கும் என்னைத்தான் குறை சொல்வீங்க.”

“ஐயோ, குடிக்கிற காப்பி இல்ல அண்ணி. பென் டிரைவ். அண்ணன் வீட்ல ஏதாவது காப்பி போட்டு வெச்சிருப்பாரோன்னு…”

“உங்க அண்ணன் காப்பி போட்டு நான் பார்த்ததே இல்ல” என்றவள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அவர்கள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பெரிய சர்வர் நேற்று மாலை எரிந்துபோயிருந்தது. அதற்கு மாற்றாக வைத்திருந்த பேக்கப் சர்வரும் காலையிலிருந்து கிளம்ப மறுத்தது. அதற்கென்றே தயாரித்த பென் டிரைவைச் செருகி உயிர்ப்பித்தால்தான் பதினோரு வருடத்து நோயாளிகளின் பதிவுகள் திரும்பக் கிடைக்கும். அப்படி ஒன்றைத் தயாரித்து, உறையில் போட்டு ஒட்டி, மேலே ‘தொடாதே’ என்று எழுதி ஆபீஸ் லாக்கரில் வைத்தவர் அண்ணன்.

“டாக்டர் மூணு தடவை போன் பண்ணிட்டார் அண்ணி. ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். பழைய ரிசல்ட்டைப் பார்க்காம கத்தியைத் தொட மாட்டேங்கறார்.”

“சர்வர் படுத்துக்கிட்டது எனக்கும் தெரியும்.” மேசைமேல் சார்ஜரில் கிடந்த கணவரின் போனைக் காட்டினாள். “காலையிலேர்ந்து இவருக்கு ‘சர்வர் வேலை செய்யலை’ன்னு தானா இருபத்திமூணு மெசேஜ். ஆள் போயிட்டாருன்னு அதுக்கு யார் சொல்றது?”

தினமும் சார்ஜ் போடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தான்; அதற்குள் அவளே கேட்டாள்.

“லாக்கர்ல ஒண்ணு இருக்கணுமே தம்பி?”

“இருக்கு. ஆனா அது… பழசு. சரியா வராது.”

“போட்டுப் பார்த்தீங்களா?”

“இல்ல. சாவி மேனேஜர்கிட்ட இருக்கு. அவர் பத்தரைக்கு வந்துதான் திறக்கணும்.”

மணி ஒன்பதே கால்.

எட்டு மாதத்துக்கு முன்னால், தங்கையின் கல்யாண வீடியோவை ஏற்றித் தர அவசரமாக ஒரு பென் டிரைவ் வேண்டியிருந்தது. லாக்கர் சாவி அப்போது அவனிடமும் ஒன்று இருந்தது. உறையைப் பிரித்தான். இருந்ததை அழித்தான். மறுநாள் வீடியோவை எடுத்துவிட்டு, வெறும் பென் டிரைவை அதே உறையில் போட்டு ஒட்டி வைத்தான்.

சர்வர் ஓடிக்கொண்டிருந்தபோது புதிதாக ஒன்று தயாரிக்க அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தான். அதற்குள் அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்தார், போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு லாக்கர் பக்கம் போகவே அவனுக்கு மனசு கூசியது. இந்த வீட்டுப் பக்கம் வரவும்தான்.

“கடைசிக் காலத்துல அந்த மனுஷன் என்னத்தைச் செஞ்சு வெச்சாரோ!” என்று மேனேஜர் காலையிலேயே போனில் ஆரம்பித்துவிட்டார். பத்தரைக்கு உறை பிரியும். உள்ளே ஒன்றும் இருக்காது. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி முழுக்க அண்ணன் தலையில் விழும். இல்லை என்று சொல்ல அவர் எழுந்து வரப்போவதில்லை. அதை நினைக்க நினைக்கத் தாங்காமல்தான் பைக்கை எடுத்துக்கொண்டு இங்கே ஓடி வந்திருந்தான்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவன் ஒரு மிடறு விழுங்குவதற்குள் திரும்பி வந்தாள். அலமாரி திறக்கும் சத்தமோ, தேடும் சத்தமோ கேட்கவில்லை.

“இதுதானே?”

வெள்ளை உறை. மேலே அண்ணனின் கையெழுத்து. அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இதைக் கொண்டுபோய்ச் செருகினால் முடிந்தது. லாக்கரை யாரும் திறக்க வேண்டியதே இல்லை. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

வாசல்வரை போனவன் நின்றான். செருப்பை மாட்டாமல் திரும்பினான்.

“அண்ணி, லாக்கர்ல இருக்கிறது பழசு இல்ல. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“அப்புறம் சொல்லுங்க தம்பி. அங்க ஒரு அம்மா காத்துக்கிட்டிருக்காங்க.”

“இல்ல அண்ணி, இப்பவே சொல்லணும். அதை அழிச்சது…”

“தெரியும். அது காலின்னு அவர் அப்பவே பார்த்துட்டாரு. ‘லாக்கரைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தன் வந்து கேப்பான், அவனைத் திட்டாம குடு’ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.”