தனியாக விசாரி

பின்னறைக்குள் மட்டும் அவள் வரவில்லை.

வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு, “நீங்க போய்ப் பாருங்க சார். நான் இங்கயே நிக்கிறேன்” என்றாள்.

முதலாளி தயங்கிக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

முதலாளி என்பது கல்லூரி நண்பர்கள் வைத்த பட்டப்பெயர். படித்து முடித்த கையோடு, வீடு வாங்கி வாடகைக்கு விட்டுப் பணக்காரனாகும் வீடியோக்களையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தான். இன்று பார்க்க வந்தது முதல் வீடு. தோள்பையில் ஒரே ஒரு காசோலை. அம்மா தையல் மிஷினை மிதித்து மிதித்துச் சேர்த்ததெல்லாம் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அம்மா மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தைரியமாக இருந்திருக்கும்.

“ராசியான வீடு தம்பி” என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்திருந்தார் தரகர். கதவைத் திறந்துவிட்ட அந்தப் பெண்ணின் காதுபடவே, “இவங்களை ஒரே மாசத்துல கிளப்பி விடுறது என் பொறுப்பு. நடுவுல ஒரு தடுப்பு போட்டா ரெண்டு குடித்தனம், ரெண்டு வாடகை. உக்காந்து சாப்பிடலாம்” என்றார்.

அவள் காதில் விழாதவள் போலக் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னறையை ஒட்டியிருந்த குளியலறையின் கதவு மட்டும் திறக்கவில்லை. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதாம். தரகர் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, போன் வந்ததும் பால்கனிக்குப் போய்விட்டார்.

பின்னறையில் விளக்கு எரியவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. முதலாளி, அம்மாவின் அளவு டேப்பை எடுத்துச் சுவரோரம் நீட்டினான். வரும்போதே தரகர் அதைப் பார்த்துச் சிரித்திருந்தார்: “வீட்டுக்குச் சட்டையா தைக்கப் போறீங்க?”

விரலில் ஏதோ சில்லென்று பட்டது.

சுவரின் அடிப்பாகம் முழுக்க ஈரம். வெளியே மழை பெய்து வாரக்கணக்காகிறது.

டொக்.

கையை இழுத்துக்கொண்டான்.

டொக். டொக்.

சுவருக்குள்ளிருந்துதான். மெதுவாக, நிதானமாக, உள்ளே இருந்து யாரோ கூப்பிடுவது போல.

வாசற்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

“உங்களுக்கும் கேட்டுச்சா?”

டேப்பை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தான். வீடியோக்களில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன விதி அவனுக்கு நினைவு வந்தது. தரகரை நம்பாதே, குடியிருப்பவரைத் தனியாக விசாரி. வீடு விற்றால் குடியிருப்பவருக்கு என்ன லாபம்? அவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்?

“அக்கா, மறைக்காம சொல்லுங்க. அந்த ரூம்ல என்ன?”

அவள் பால்கனிப் பக்கம் பார்த்தாள். குரல் இறங்கியது. சார் தம்பியானான்.

“நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க தம்பி. வாடகை கம்மின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கோம். பொழுது போனா அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கிறதில்ல.”

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. தரகரிடம் “யோசிச்சுச் சொல்றேன்” என்று முனகிவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கினான். பின்னாலேயே வந்த தரகர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

“யோசிக்கிறவன் எவன் தம்பி வீடு வாங்கியிருக்கான்?”

புகைதான் மிச்சம்.

தெருவில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் டேப் ஞாபகம் வந்தது. அது இல்லாமல் அம்மாவுக்குச் சாயங்கால வேலை ஓடாது. எங்கே விட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது? பட்டப்பகலில் என்ன வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி படியேறினான். கால்கள் அதை நம்பவில்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. தட்டக் கையை உயர்த்தியவன், அப்படியே நின்றான்.

பின்னறையில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

குளியலறைக் கதவு அகலத் திறந்திருந்தது. அவன் இதுவரை பார்த்திராத ஒரு ஆள் பின்னறைத் தரையில் உட்கார்ந்து, சிவந்து போன விரல் முட்டிகளை வாயால் ஊதிக்கொண்டிருந்தான். அவள் சுவரோரத்து ஈரத்தைத் துடைத்துத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்தச் சுவரை ஒட்டியே விரித்த மெத்தையில் குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு தலையணைகள்.

“இவனும் ஓடிட்டானா?”

“ஓடிட்டான். சின்னப் பையன், பாவமா இருந்துச்சு.” அவள் பிழிவதை நிறுத்தினாள். “எவனாவது ஒருத்தன் பயப்படாம திரும்பி வந்துட்டா, இந்தப் புள்ளைய தூக்கிக்கிட்டு நாம எங்கங்க போறது?”

முதலாளியின் கை பட்டு, கதவு முனகியது.

இருவரும் நிமிர்ந்தார்கள். துணி அவள் கையிலிருந்து நழுவியது. அந்த ஆள் விரல் முட்டிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவள் ஒரே தாவலில் குழந்தையை வாரி எடுத்து மார்போடு அழுத்திக்கொண்டு, எந்தச் சுவரைக் காட்டிப் பயமுறுத்தினாளோ அதே சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

இந்த முறை அவள் நடிக்கவில்லை.

வாசலையே வெறித்த அந்த நாலு கண்களையும் பார்த்ததும் முதலாளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தனக்குப் பின்னால் என்ன வந்து நிற்கிறதோ என்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

படிக்கட்டு காலியாக இருந்தது.