நெருப்பின் அருகே வைக்காதீர்

அவள் ஒருமுறை கை தட்டிப் பார்த்தாள். சத்தம் கையோடு நின்றுவிட்டது.

மெத்தைக் கடையின் கிடங்கு அது. நான்கு சுவரிலும் பஞ்சு மெத்தைகள் தோளோடு தோள் உரசி நின்றன. புதன்கிழமை கடைக்கு விடுமுறை. இருட்டும்வரை வாசித்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சாவியைக் கொடுத்திருந்தார்.

இதற்கு முன் ஒரு மாடி வீட்டில் வாசித்துப் பார்த்தார்கள். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். இடித்ததுகூடப் பரவாயில்லை, தாளத்தில் இடிக்கவில்லையே என்று ஒயருக்கு வருத்தம்.

ஒயர் அவளுடைய சித்தப்பா மகன். எந்நேரமும் கழுத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டு திரிந்ததில் பெற்றவர்கள் வைத்த பெயர் காணாமல் போய்விட்டது. லேப்டாப்பில் டிரம்ஸ் அமைப்பது அவன் பாடு. கிட்டார்க்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அவள் காது மருத்துவமனையில் ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்கிறவள். கீபோர்டு அவளுடையது. குழு என்று பார்த்தால் இந்த மூன்று பேர்தான்.

மூவருமே இஸ்திரி போட்ட உடுப்பில் நேராக இங்கே வந்திருந்தார்கள்.

ஒத்திகைத் தேதி ஒரு மாதம் முன்பே குறித்தது. இன்றைக்கு வேண்டாமே என்று மற்றவர் சொல்லட்டும் என அவளும் கிட்டார்க்காரரும் காத்திருந்ததில், கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

கையில் இருந்தது ஒரே பாட்டு. அதுவும் பாதி.

காது சோதிக்கும் கருவியின் ஒலியை அவள் செல்போனில் பதிந்து வந்து, நீட்டி இழுத்து மெட்டாக்கியதில் பிறந்த பாட்டு. ஆறு வருடமாக இரண்டாவது நிமிடத்தைத் தாண்டியதில்லை. அந்த இடத்தில் டிரம்ஸ் சட்டென்று இறங்க வேண்டும் என்பார் கிட்டார்க்காரர். நான்கு சுற்று பொறுக்க வேண்டும் என்பாள் அவள். அவர் கிட்டாரைப் பெட்டிக்குள் வைப்பார். அவள் பிளக்கைப் பிடுங்குவாள். ஒயர் நடுவில் நின்று தலையைச் சொறிவான்.

இன்றும் இரண்டாவது நிமிடம் வந்தது. கிட்டார்க்காரர் வாசிப்பதை நிறுத்தினார்.

"நீங்க எப்படி நினைக்கிறீங்களோ, அப்படியே வெச்சுக்கலாம்."

நீங்க.

புதுச் செருப்பு போல எங்கோ லேசாகக் கடித்தது. அவ்வளவுதான். வலிக்கவில்லை.

பரவாயில்லை, உடனேயே இறங்கட்டும் என்று அவளும் சொன்னாள். பொய்யில்லை. எது வந்தாலும் சரி என்றுதான் இருந்தது அவளுக்கு. இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்ததில் ஒயருக்குத் தலை கிறுகிறுத்து, இரண்டு சுற்று என்று வைத்துவிட்டான்.

இரண்டு சுற்று கச்சிதமாகப் பொருந்தியது. ஆறு வருடத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு பாட்டு தன் பாட்டுக்கு நடந்தது. கட்டைகளின்மேல் விரல்கள் போவதையும் வருவதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. தன்னையே யாரோ கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துவிட்டதாகத் தோன்றியது. ஒலி கேட்டது. பொத்தானை அழுத்தத்தான் கை எழவில்லை.

நான்கு நிமிடம், பன்னிரண்டு நொடி. முதன்முதலாக ஒரு பாட்டு முடிந்தது.

ஒயர் மூக்கை உறிஞ்சினான். பஞ்சுத் தூசி என்றான்.

சூட்டோடு சூடாக இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று அவன்தான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். இணையதளம் குழுவின் பெயரைக் கேட்டது. அதற்கும் ஆறு வருடச் சண்டை பாக்கி இருந்தது. எதிரே நின்ற மெத்தையில் தைத்திருந்த சீட்டை ஒயர் உரக்க வாசித்தான்: நெருப்பின் அருகே வைக்காதீர்.

இருவரும் தலையாட்டினார்கள். பெயர் வைத்தாயிற்று.

அடுத்து உறுப்பினர்களின் முழுப்பெயர். தன்னுடையதைத் தட்டினான். கிட்டார்க்காரருடையதைத் தட்டினான். அவள் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. இனிஷியல் என்ன போட என்று கேட்டான். பழசையே போடுடா என்றாள் அவள், கீபோர்டைத் துணியால் மூடிக்கொண்டே.

"பழசுன்னா எது அக்கா? பெரியப்பாவோடதா, அத்தானோடதா?"

கேட்டு முடித்த பிறகுதான், அத்தான் எதிரிலேயே கிட்டாரும் கையுமாக நிற்பது அவனுக்கு உறைத்தது.

கிட்டார்க்காரர் குனிந்து கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்தார். கொக்கியை மாட்டினார். நிமிராமலே சொன்னார்:

"அவங்க அப்பாவோடதைப் போடு. காலையில கோர்ட்டுல அப்படித்தான் கையெழுத்துப் போட்டாங்க."

அவர் அதைக் கவனித்திருப்பார் என்று அவள் நினைக்கவேயில்லை.