பாதிக் கால்

மானின் முன்னங்காலில் பாதியைக் குதிரைக்கு ஒட்டிவிட்டார்கள். எரிமலைச் சாம்பலுக்குள் பல லட்சம் வருஷம் ஒன்றாகக் கிடந்த எலும்புகள். தோண்டியவர்கள் அவசரத்தில் மாற்றிவிட்டார்கள். நாளைக்கு அருங்காட்சியகத்தில் கண்காட்சி. கால் குறைந்த மானைப் பெட்டியில் போட்டுப் பூட்டப்போகிறார்கள்.

"அண்ணே, அது என் கால்," என்றது மான்.

"பேர் எழுதியிருக்கா?" என்றது குதிரை. "எனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு, பாரு!"

மானுக்கு அழுகை முட்டியது. அழக் கண் இல்லை.

மேல்தட்டில் இருந்த முள்ளம்பன்றியின் மண்டையோடு செருமியது. "பேர் இல்லை. என் பல்தடம் இருக்கு. நீ செத்த மறுநாள் அந்தக் காலைக் கொறிச்சது நான்தான், தங்கச்சி."

"அட பாவி! செத்த பிறகுமா விடலை?"

"பல்லு வளர்ந்துகிட்டே இருந்துச்சு, தேய்க்கணும்ல? திட்டுறதை அப்புறம் வச்சுக்க."

சொல்லிவிட்டு உருண்டது. நேரே குதிரையின் கால்மேல் விழுந்தது.

சத்தம் கேட்டு அருங்காட்சியகத்து அம்மாள் ஓடிவந்தாள். மண்டையோட்டின் முன்பற்கள் குதிரைக்காலில் இருந்த கீறலில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. எலும்பு உடைந்த இடத்தில் கீறல் பாதியில் நின்றது. மீதிக் கீறலைத் தேடினாள். அது மானின் மிச்சப் பாதிக் காலில் இருந்தது.

மறுநாள் மான் நாலு காலில் நின்றது. குதிரைக்கும் அதன் சொந்தக் கால் பெட்டியின் அடியில் கிடைத்தது; கொஞ்சம் குட்டைதான்.

"அண்ணே, இப்ப என் கால்ல பேர் எழுதித் தொங்கவிட்டிருக்காங்க," என்றது மான்.

"யார் பேரு, உன் பேரா?"

"இல்லை. 'கொறித்தது முள்ளம்பன்றி.'"