மந்திரி பொரித்த மீன்

"டேய் கிஹுன், சத்தத்தைக் கூட்டுடா! நம்ம பாட்டன் வர்றார்!"

பெரியவர் நம்குங் போட்ட கூச்சலில் மகன் கையிலிருந்த கள்ளுக் கிண்ணம் தளும்பியது. மறுநாள் சூசோக், முன்னோருக்குப் படையல் போடும் கொரிய அறுவடைப் பண்டிகை. டிவியில் பண்டிகைச் சிறப்பாகச் சரித்திரத் தொடர். அதில் கதாநாயகன் வேறு யாருமில்லை, இவர்கள் வம்சத்து மூத்தவர், மந்திரி நம்குங் சோல். ஒரு மாதமாகப் பெரியவர் உறவுக்காரர்கள் ஒருவரையும் விடாமல் போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

திரையில் பட்டு அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக மந்திரி நடந்து வந்தார்.

"மூக்கைப் பாரு! அப்படியே என் மூக்கு!"

"அது நடிகரோட மூக்குப்பா."

"வாயை மூடு. எல்லாம் ஆராய்ச்சி பண்ணித்தான் எடுப்பாங்க. இதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது!"

சமையலறைத் தரையில் மருமகள் சூரின் மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். படையலுக்கு இன்னும் பூசணி பாக்கி, காளான் பாக்கி, கொழுக்கட்டை பாக்கி. டிவியில் வசனம் கேட்கும்போதெல்லாம் அவள் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"அடுப்பைப் பாரு, டிவியைப் பாக்காதே!" என்று அதட்டினாள் மாமியார் ஓக்சிம்.

சூரின் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்து வாசலில் போய் நின்றாள். கேட்டே விடுவது என்று துணிந்துவிட்டாள்.

"மாமா, நாளைக்குப் படையல் முடிஞ்சதும் நான் கங்னுங்ல எங்க வீட்டுக்குக் கிளம்பட்டுமா? அம்மா தனியா இருக்காங்க. கல்யாணமானதுலேருந்து ஒரு பண்டிகைக்கும் அவங்களைப் பாக்கலை."

"நல்லா இருக்கே! விருந்தாளிங்க வந்தா யாரு பரிமாறுறது, நானா? வருஷம் பூரா ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல என்னத்தையோ தட்டறே. ரெண்டு நாள் இங்க நின்னா கால் தேஞ்சிடுமா? போ, போய் மீனைத் திருப்பு. கருகுற வாசனை வருது."

கிஹுன் அப்பாவையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான். பிறகு வசதியாகக் கள்ளுக் கிண்ணத்தைப் பார்த்தான். சூரின் அடுப்புக்குத் திரும்பி மீனைப் புரட்டினாள்.

திரையில் அரசர் முன்னறிவிப்பில்லாமல் மந்திரியின் வீட்டுக்குள் நுழைந்தார். பின்கட்டில் மந்திரி அங்கிக் கையை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, இரும்புச் சட்டியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்!

"மந்திரி, இதென்ன கோலம்? வீட்டில் பெண்கள் இல்லையா?"

மந்திரி கரண்டியோடு எழுந்து வணங்கினார்.

"இருக்கிறார்கள் அரசே. ஆனால் நாளை படையல் என் பாட்டனுக்கு. ரத்தம் என்னுடையது. நான் அல்லவா பொரிக்க வேண்டும்?"

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் வாய்க்குப் போன கடலை பாதி வழியிலேயே நின்றது.

மந்திரி விடவில்லை. மருமகளைக் கூப்பிட்டார். "அம்மா, நாளை படையல் முடிந்ததும் உனக்குப் பல்லக்கு தயார். உன் தாய் வாசலிலேயே நிற்பாள். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்."

பெரியவர் கடலையைத் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

"இது சும்மா... கதைக்காகச் சேர்த்திருப்பான்" என்று பெரியவர் இழுத்தார்.

"ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் கிஹுன்.

போன் அலறியது. பூசான் நகரத்திலிருந்து பெரியவரின் சித்தப்பா மகன் சங்பே. அவன் கத்தியது வீடு முழுக்கக் கேட்டது.

"அண்ணே, பாத்தீங்களா! உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு! நான் ஏப்ரன் கட்டிட்டேன். இங்க எல்லா ஆம்பளைங்களும் அடுப்படியிலதான். நீங்க வம்சத்துக்கே தலைவீடு, உங்களுக்குச் சொல்லவா வேணும். இந்நேரம் பாதி மீன் முடிச்சிருப்பீங்களே?"

பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான்.

"முடிச்... முடிச்சாச்சு! இப்போ பூசணியில இருக்கேன்!"

போனை வைத்ததும் தாவி எழுந்தார். "டேய், எழுந்திருடா! பாட்டன் பேரைக் காப்பாத்தணும்! மருமகளே, அந்த ஏப்ரனைக் கழட்டு!"

"மாமா, நீங்க எதுக்கு..."

"கழட்டுன்னா கழட்டு! நாளைக்குப் படையல் முடிஞ்ச கையோட இவன் உன்னைக் கங்னுங்ல கொண்டுபோய் விடுவான். நம்ம வம்சத்துல அதுதான் வழக்கம்!"

சூரின் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். கடைசியில் இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் நடந்ததை எழுதினால் தாள் போதாது. முட்டையை உடைக்கச் சொன்னால் கிண்ணத்தை உடைத்தான் கிஹுன். பூசணியைத் திருப்பப் போன பெரியவர் அதைச் சுவரில் ஒட்டினார். "டேய், எண்ணெய் என்னை முறைக்குதுடா!" என்று அவர் அலறுவது தெருவரைக்கும் கேட்டது.

கூடத்தில் முதல்முறையாக மாமியாரும் மருமகளும் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஓக்சிம் முகத்தில் அந்த அதட்டல் களை இன்னும் மாறவில்லை. பேரிக்காயை நறுக்கி, முதல் துண்டை மருமகள் வாயில் திணித்தாள். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தாள்.

"நான் சொல்லிக் கொடுத்ததைவிட வசனத்தை ஜோரா எழுதிட்டேடி; அடுத்த பண்டிகைக் கதையில மந்திரியைப் பாத்திரமும் கழுவ வெச்சிடு!"