குண்டு துளைத்த சுவர்

கோட்டையைச் செப்பனிட்டு ராணுவ அருங்காட்சியகம் ஆக்கியதெல்லாம் சரி. எந்த ஓட்டையைப் பார்க்க ஜனங்கள் வருவார்களோ, அதையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். பிரசவ விடுப்பு முடிந்து வந்த காப்பாட்சியர் தமயந்தி, ‘எதிரியின் பீரங்கிக் குண்டு துளைத்த இடம்’ என்ற பலகைக்குக் கீழே வழவழவென்றிருந்த சுவரைப் பார்த்தாள். நாளைக்குத் திறப்பு விழா. கொத்தனார் மரியசூசையை வரவழைத்தாள்.

“பலகையைப் படிக்கலையா மேஸ்திரி?”

“படிச்சேன் மேடம். நாலு பேர் வந்து போற இடம், அசிங்கமா இருக்கேன்னுதான் அடைச்சேன்.”

தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். “உடைங்க. எனக்கு ஓட்டை வேணும்.”

மரியசூசை உளியை வைத்து ஓங்கி ஓங்கி அடித்தார். கொஞ்சம் பொடிதான் உதிர்ந்தது.

“லேசுல உடையாது மேடம்,” என்றார் பெருமையாக. “கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணியில குழைச்ச சுண்ணாம்பு. ஆறு மாசமா இறுகியிருக்கு. குண்டே வந்தாலும் தாங்கும்.”

தமயந்தி முற்றத்தில் எண்ணெய் பூசி நிறுத்தியிருந்த பீரங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வாய் இந்தச் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. மரியசூசையும் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். உளியை எடுத்துக்கொண்டு சுவரைவிட்டு மெல்ல நகர்ந்து நின்றார்.