குரோமாசாவின் கொள்கை

“அடிங்க அவளை. தயவு தாட்சண்யம் பார்க்காம மூஞ்சியிலேயே ஒண்ணு வைங்க!” சிகாகே மேசையைத் தட்டினாள்.

“பொம்பளைங்க மேல எப்படிங்க...” என்று நுகுயி தலையைச் சொறிந்தான். அவன் முன்னால் காகிதத்தில், வாளும் கையுமாகக் கடற்கொள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

நுகுயி வரையும் படக்கதையின் நாயகன் குரோமாசா மலையைப் பிளப்பான், திமிங்கிலத்தைத் தூக்கி எறிவான். எதிரி பெண்ணாக இருந்தால் மட்டும், ‘பெண்கள்மேல் கை வைக்க மாட்டேன்’ என்று வீர வசனம் பேசிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான். வாசகர்களுக்கு அலுத்துவிட்டது. அவர்கள் வாராவாரம் வாக்களித்து அனுப்பும் அஞ்சலட்டைகளில் கதை கடைசி இடத்துக்கு வந்திருந்தது. இந்த வாரமும் மேலே ஏறாவிட்டால் இதழிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

“ஆறு மணிக்கு அச்சுக்குப் போகணும், சென்செய்.” சின்ன வயதிலிருந்து தெரிந்தவன்தான். ஆனாலும் பத்திரிகைக்காரி ஓவியரை அப்படித்தான் மரியாதையாக அழைக்க வேண்டும். சிகாகே வாயில் அது திட்டு மாதிரியே வரும்.

“வரைஞ்சுதான் பார்த்தேன். சரியா வரல” என்று அவன் குப்பைக் கூடையைக் காட்டினான்.

கசங்கிய தாள்களை அவள் நீவிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் குரோமாசாவின் முஷ்டி, கொள்ளைக்காரியின் காதோரமாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதையும் பறந்தது.

“இதே புத்திதான்டா உனக்கு! கராத்தே பள்ளியில, ஆறாம் வகுப்புப் போட்டி. நீ பதினோரு குத்து விட்டே. ஒண்ணுகூட என்மேல படல. நான் ஒண்ணே ஒண்ணு விட்டேன், மல்லாந்துட்டே. எழுந்திரிச்சு எல்லார் முன்னாடியும், ‘பொண்ணாச்சே, பாவம்னு விட்டுட்டேன்’னு சொன்னியே!”

“சிகா, அது வந்து...”

“அந்தப் பதக்கத்தை இன்னிவரைக்கும் நான் பெட்டியை விட்டு வெளியில எடுக்கல. நீ போட்ட பிச்சைதானே அது?” அவள் குரல் உடைந்தது. இருபது வருஷக் கோபம், கண்ணில் நீராக நின்றது.

நுகுயியின் காது இரண்டும் சிவந்தன. மெல்ல அழிப்பானை எடுத்தான். முன்னால் இருந்த காகிதத்தின் கடைசிக் கட்டத்தில் மல்லாந்து கிடந்த குரோமாசாவின் வாயருகே இருந்த புகழ்பெற்ற வசனத்தைச் சுத்தமாக அழித்தான். அங்கே பென்சிலால் வேறொன்று எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பினான்.

“அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்றான், நிமிராமல்.

சிகாகே கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

“பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல... பதினொண்ணும் உன் மூஞ்சியைக் குறி பார்த்து விட்டதுதான்!”