கோபம் கேட்கும் மீன் வண்டி

“கிளம்பு” என்றான் சூசை.

“குரலில் கோபம் இருக்கிறது. ஆறிய பிறகு சொல்லுங்கள்” என்றது மீன் வண்டி.

பக்கத்து இருக்கையில் இருந்த அவன் மனைவி ரெஜினா, “கிளம்பு!” என்றாள்.

“இந்தக் குரலில் இன்னும் அதிகம்.”

துறைமுக ஏலத்தில் அவள் வேண்டாம் என்ற சீலா மீனை அவன் வாங்கிவிட்டான். சண்டை அதனால்தான். வண்டி ஓடாததால் பின்னால் ஐஸ் பெட்டி மாற்று பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

“பேட்டரி குறைகிறது. மீன் அரை மணி நேரம்தான் தாங்கும்” என்றது வண்டி.

சூசை பல்லைக் கடித்தான். “தங்கமே, கிளம்பும்மா.”

“கோபம் இருக்கிறது.”

“வண்டியப் போய்த் தங்கம்னு கொஞ்சுதிய. எங்கிட்ட ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கியளா?” ரெஜினாவின் குரல் உடைந்தது.

சூசை அவள் பக்கம் திரும்பினான்.

“நீ சொன்னதக் கேட்டிருக்கணும் ரெஜி. எம்மேலதான் தப்பு. கிளம்புவோமா தங்கம்?”

அவளிடம்தான் கேட்டான். வண்டி கிளம்பிவிட்டது.

சந்தையில் அவன் இறங்கியதும் ரெஜினா வண்டியின் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தாள்.

“நாளைக்கு அவருக்குக் கோவம் இல்லாட்டாலும், இருக்குன்னே சொல்லு, என்ன?”

“உங்கள் குரலில் இப்போது கோபம் இல்லை” என்றது வண்டி.